எண்ணெய் ஊர்த் தாய்மாமன்

அத்திராவ்
26 மார்ச் 2003

அன்புள்ள குல்யாஷ் அக்காவுக்கு,

உன் மனிதர்களும் ஆடுமாடுகளும் சுகமா? தலைநகரத்தில் பதினோராவது மாடியில் ஆடுமாடு ஏது என்று சிரிக்காதே. கேட்காமல் கடிதம் தொடங்கினால் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து உதைப்பார். இங்கே நானும் ரிஸ்தியும் சுகம். எங்கள் மந்தை, அதாவது குளிர்பெட்டியில் இருக்கும் ஒற்றைக் கோழி, அதுவும் சுகம்.

இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியும் உன் வீட்டு விசேஷம் இன்னும் காதில் கேட்கிறது. என்ன விருந்து! சம்பந்தியம்மா அக்மராலின் காதில் நிச்சயக் கம்மலை மாட்டியபோது நான் அழுதேன் என்று ஓராஸ் அத்தான் ஊரெல்லாம் சொல்கிறாராம். அழவில்லை, குதிரைக் கறியில் வெங்காயம் அதிகம்.

ஆனால் அக்கா, மைக்கை என் கையில் யார் கொடுத்தது? நான் பாட்டுக்கு "என் அக்கா மகள் எதைக் கேட்டாலும் தருவேன்" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனேன். அவள் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"மாமா, மூணு கேட்புல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. தவ்லெத்துக்கு உங்க கம்பெனியில வேலை வேணும். எண்ணெய் வயல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி."

இருநூறு பேர் கை தட்டினார்கள். சம்பந்தி எழுந்து, "வேலைக் கடிதம் கைக்கு வரட்டும், அன்னைக்கே தேதி வெச்சிடுவோம்!" என்றார். அக்கா பிள்ளை தாய்மாமனிடம் மூன்று தடவை எதையும் கேட்கலாம், மறுத்தால் மாமனுக்குக் கை நடுங்கும் என்பது ஊரறிந்தது. நான் "ஆகட்டும்" என்றேன்.

கவலைப்படாதே. கம்பெனி என் சட்டைப் பையில் இருக்கிற மாதிரி. ரயில் பணிப்பெண் ஸீனாவிடம் கருவாடு கொடுத்தனுப்புகிறேன். அதில் மேலே இருக்கும் கட்டைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடு.

உன் பாலும் தேநீரும் குறையாதிருக்கட்டும்.
தம்பி டோலெகென்


அத்திராவ்
26 மார்ச் 2003

அக்மரால் கண்ணு,

மாமாவின் முத்தம். உன் கல்லூரி ஆய்வுக்கூடத்து மீன்களும் நீயும் சுகமா? இதை வீட்டுக்கு அனுப்பாமல் கல்லூரிக்கு அனுப்புவதிலேயே உனக்குப் புரிந்திருக்கும், மாமாவுக்கு ஏதோ சங்கடம் என்று.

இதே மேஜையில், இதே பேனாவில், கால் மணி நேரத்துக்கு முன் உன் அம்மாவுக்கு "கம்பெனி என் சட்டைப் பையில்" என்று எழுதினேன். உண்மை நேர் எதிர். கம்பெனியின் சட்டைப் பைகள்தான் என் கையில் இருக்கின்றன. நான் அங்கே இஸ்திரிக்காரன். வெளிநாட்டு இஞ்சினியர்கள் குடியிருக்கும் வேலிக்குள், சலவைக் கூடத்தில், ஒரு நாளைக்கு நூற்றிருபது சட்டை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, தொப்பி போட்ட என் படம், அந்தத் தொப்பி கழுவ வந்தது.

உன் அப்பா அமைச்சகத்தில் சேர்ந்து நீங்கள் புதுத் தலைநகருக்குப் போன வருஷம், "நீ என்னடா பண்றே?" என்று அக்கா கேட்டாள். "எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்" என்று எழுதினேன். அது பொய் இல்லை. மீதியைத்தான் எழுதவில்லை. எழுதாத மீதிக்கு அவர்களே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே வந்தார்கள். போன வருஷம் நான் ஷிப்டுத் தலைவன் ஆகிவிட்டேன் என்று உன் அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நாட்டிலேயே பணக்கார ஊர் இது. எண்ணெய் எங்கள் ஊரில், கண்ணாடிக் கட்டடம் உங்கள் ஊரில். இங்கே தக்காளி விலையைக் கேட்டு மயங்கி விழுகிறவன் நான் ஒருவன் இல்லை, கடைக்காரனே விழுகிறான்.

கண்ணு, ஐந்து வயதில் என் நரித்தோல் தொப்பியைக் கேட்டாய், கொடுத்தேன். பதினான்கில் என் காமிராவைக் கேட்டாய், கொடுத்தேன். இதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள். இஸ்திரிக்காரனுக்குக் கை நடுங்கினால் சட்டை கருகும்.

உன் ஏழை மாமா


அஸ்தானா
14 ஏப்ரல் 2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எனக்கு எல்லாம் தெரியும் மாமா. போன கோடையில் உங்கள் வீட்டில் தங்கி மீன் பண்ணைக்குப் போய்வந்தேனே, அப்போது ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று உங்களைப் பார்த்தேன். முதுகில் அழுக்கு மூட்டை. நீங்கள் பாடிக்கொண்டே போனீர்கள். யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்ததால்தான் உங்களைக் கேட்டேன்.

கம்மல் மாட்டிய காது வீங்கியிருக்கிறது. கழற்றக் கூடாது என்று அம்மா சொல்கிறாள்.

அக்மரால்


அஸ்தானா
20 ஏப்ரல் 2003

தம்பி டோலெகெனுக்கு,

உன் மனிதர்களும் மந்தையும் சுகமாக இருக்கட்டும். கோழியைச் சமைத்துவிட்டீர்களா? நாங்கள் எல்லாரும் நலம்.

கருவாடு வந்தது. சம்பந்தியம்மா ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க தம்பி இவ்வளவு பெரிய உத்தியோகத்துல இருந்துகிட்டு மீனைத் தானே காய வைக்கிறாரா?" என்றாள். "அவனுக்கு அது பொழுதுபோக்கு" என்றேன். தினமும் வேலைக் கடிதம் வந்ததா என்று கேட்கிறார்கள். உன் அத்தானும் கேட்கிறார். சம்பந்தி அவருக்கு மேலதிகாரி. இந்த வீடும் சம்பந்தி கையெழுத்துப் போட்டுக் கிடைத்ததுதான் என்று உனக்குத் தெரியும். சீக்கிரம் பார்.

தவ்லெத் நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரைக்குத் துணி கொண்டுவந்து அக்மராலுக்குக் காட்டினான். அவள் சுகம். சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. கல்யாண உடுப்புக்கு அது நல்லதுதான்.

ஏப்ரல் பிறந்தும் இங்கே காற்று நிற்கவில்லை. இந்த மாடியில் ஜன்னல்களைத் திறக்க முடியாது.

அக்கா குல்யாஷ்


அத்திராவ்
18 மே 2003

அக்மரால் கண்ணு,

நீ சுகமா, காது சுகமா? நாங்கள் சுகம் என்று எழுத வாயைத் திறந்தால் பொடிக் கொசு உள்ளே போகிறது. இந்த மாதம் முழுக்க ஊரே தலையில் வலையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. கோடீஸ்வரனும் நானும் ஒரே மாதிரி. இந்த ஒரு மாதம்தான் இங்கே சமத்துவம்.

உன் கடிதத்தை ரிஸ்திக்குப் படித்துக் காட்டினேன். "தெரிந்ததால்தான் கேட்டேன்" என்ற இடத்தை இன்னொரு தடவை படித்தேன். நான் யார் என்று தெரிந்தும் என்னால் முடியும் என்று நம்புகிறாயே! உன் அப்பா என் தொப்பியை நம்பினார். நீ மூட்டையையே நம்பிவிட்டாய். இனி மலையைத்தான் புரட்ட வேண்டும் என்றாலும் புரட்டுகிறேன்.

ஆள் எடுக்கும் துறைக்குத் தலைவர் ஹாமிஷ் என்கிற செந்தலையர். அவருடைய மொழியில் எனக்கு இருபது வார்த்தை தெரியும். பதினெட்டு சட்டை சம்பந்தப்பட்டவை. ஆனாலும் விடவில்லை. அவர் சட்டைகளுக்கு மட்டும் தனிக் கஞ்சி, தனி மடிப்பு. காலரில் கை வைத்தால் வெட்டும்.

வீட்டில் ரிஸ்தி பிடித்துக்கொண்டாள். "இருபது வருஷமா என் ரவிக்கைக்கு ஒரு நாள் இஸ்திரி போட்டிருக்கியா? அந்தச் செந்தலையனுக்குக் கைக்குட்டையைக் கூட மடிச்சுக் குடுக்கறியே!"

"அவன் வேலை குடுப்பான். நீ என்ன குடுப்பே?"

"இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு குடுக்க மாட்டேன்" என்றாள். கொடுக்கவும் இல்லை.

பொறுமையாக இரு.
மாமா


அஸ்தானா
9 ஜூன் 2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். படிப்பு முடிந்தது. ஆய்வுக்கூட முகவரிக்கே எழுதுங்கள். ஜூலை முடியும்வரை ஏதாவது காரணம் சொல்லி அங்கே போய்விடுவேன்.

எனக்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள். வேலை கிடைக்காவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன். உண்மையாகவே வருத்தப்பட மாட்டேன். கடிதம் வந்தால்தான் தேதி என்று சம்பந்தி எல்லார் முன்னாலும் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர் மீன் பண்ணையில் செப்டம்பர் வரை ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்களாம். சும்மா எழுதினேன்.

அக்மரால்


அத்திராவ்
11 ஜூலை 2003

என் தங்கமே,

உட்கார்ந்துகொண்டு படி. வேலை கிடைத்துவிட்டது!

நீ என்னமோ மரியாதைக்கு "வருத்தப்பட மாட்டேன்" என்று எழுதினாய். நான் உன் மாமன், எனக்கா புரியாது? இன்னும் முனைந்தேன். ஆனால் முனைந்ததால் கிடைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. போன செவ்வாய் ஹாமிஷின் கோட்டுப் பையில் அக்தாவ் கடற்கரை ஓட்டல் ரசீது ஒன்று இருந்தது, இரண்டு பேருக்கு. கூடவே ஒரு பெண்ணின் கொண்டை ஊசி. அவர் மனைவி இங்கே வந்ததே இல்லை. இந்த மாதிரி நூறு பார்த்திருக்கிறேன். சலவைக் கூடத்துக்குத் தெரியாத பாவம் இந்த ஊரில் இல்லை. வழக்கம்போல ஒரு உறையில் போட்டு, அவர் மேஜையில் வைத்து, வழக்கம்போலச் சிரித்தேன். போகிற போக்கில், "என் அக்கா மகளைக் கட்டப்போற பையன் ஒருத்தன் இருக்கான் சார்" என்றும் சொன்னேன். அதையும் வழக்கமாகத்தான் சொன்னேன். மே மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை சொல்கிறேன்.

மனிதர் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பெயர் என்ன, படிப்பு என்ன என்று எழுதிக்கொண்டார். நேற்று வேலைக் கடிதம் வந்தது. இருபத்தெட்டு நாள் வயல், இருபத்தெட்டு நாள் வீடு. நான் மிரட்டவில்லை என்று இப்போது போய்ச் சொன்னால் அதுவே மிரட்டல் மாதிரி இருக்கும், விட்டுவிட்டேன்.

கண்ணு, நான் இனி இந்தக் குடும்பத்தில் பொய்யன் இல்லை! சொன்னதைச் செய்தவன். இஸ்திரிக் கதை என்னோடு மண்ணுக்குள் போகட்டும். ஆகஸ்ட் முதல் வாரம் ஸீனாவின் ரயிலில் அம்மாவுக்கு அனுப்புகிறேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கம்பெனியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும்
உன் மாமா


அஸ்தானா
19 ஜூலை 2003

மாமா,

அனுப்பாதீர்கள்.

உங்களால் முடியாது என்று தெரிந்ததால்தான் கேட்டேன். நீங்கள் வாங்கித் தர முடியாத ஒன்றைக் கேட்டால், கடிதம் வராது, தேதியும் வராது, அவர்களே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், என் மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் மேல் சொல்வார்கள் என்பதையும் நினைத்தேன். நினைத்தும் கேட்டேன். என்னை மன்னியுங்கள்.

தவ்லெத் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் வாய் திறந்து சொல்லியிருப்பேன். அவன் எங்களுக்கென்று பார்த்திருக்கும் வீட்டைக் காட்டினான். பதினெட்டாவது மாடி. "நீ வேலைக்குப் போக வேண்டாம், நான் வயலுக்குப் போயிருக்கும்போது அம்மா உன் கூடவே இருப்பாங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு மூச்சு முட்டியது.

"வேண்டாம்" என்று நான் சொன்னால் அப்பாவின் வேலை, இந்த வீடு, அம்மாவின் தூக்கம் எல்லாம் சம்பந்தியின் ஒரு கையெழுத்தில் போய்விடும். இதை அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் தேநீர் ஊற்ற எழுந்து போய்விடுகிறாள்.

கேட்பு தீர்ந்துவிட்டது, எனக்குத் தெரியும். இது கேட்பு இல்லை.

அக்மரால்


அத்திராவ்
29 ஜூலை 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இதை அத்தானுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் படித்துக் காட்டு. மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அது இல்லாததால் கடிதம்.

வேலைக் கடிதம் வராது. நான் ஷிப்டுத் தலைவன் இல்லை. எண்ணெய்க் கிணற்றை நானும் உங்களைப் போல நாட்காட்டியில்தான் பார்த்திருக்கிறேன். ஆறு வருஷமாகக் கம்பெனியின் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறேன். தொப்பி, பதவி, செல்வாக்கு எல்லாம் நான் சொன்ன பொய், அல்லது நீங்கள் சொன்னபோது நான் மறுக்காத பொய். சம்பந்தி அவர்கள் ஒரு இஸ்திரிக்காரனின் வாக்கை நம்பி மகனுக்கு நிச்சயம் செய்துவிட்டார். இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தம் வைப்பது அவருடைய கௌரவத்துக்கு அழகில்லை என்று அவர் நினைத்தால், நியாயம். குற்றம் என்னுடையது மட்டும். பெண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது.

இதற்கு மேல் எழுத ஒரு வேடிக்கை கூட வரவில்லை, அக்கா. ரிஸ்தி எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள்.

டோலெகென்


அஸ்தானா
13 ஆகஸ்ட் 2003

தம்பிக்கு,

எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை உன் அத்தான் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துப் படித்தார். அவருக்குக் குரல் போய்விட்டது. பாதியில் சம்பந்தியே வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும்.

"இந்த ஊர்ல அமைச்சகத்துக்குள்ள ஒரு ஆள் உண்மை பேசி நான் பார்த்ததில்ல. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கணுமே! வேலையாவது ஒண்ணாவது, நான் இங்கேயே வாங்கித் தர்றேன். மாப்பிள்ளை உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம். தேதி வையுங்க!" என்றார்.

ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை. மண்டபம் பேசியாகிவிட்டது. உன்னை முதல் மேஜையில் உட்கார வைக்க வேண்டுமாம்.

அக்மரால் அப்போது சமையலறையில் இருந்தாள். ஒரு தட்டு உடைந்தது.

இஸ்திரி விஷயம் எனக்கு எப்போதோ தெரியும், மடையா. எண்ணெய் வயலில் வேலை செய்கிறவன் எவன் இப்படி மடிப்புக் கலையாமல் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குவான்? உனக்கு அந்தத் தொப்பி பிடித்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குல்யாஷ்


அத்திராவ்
19 ஆகஸ்ட் 2003

அக்கா,

சுகம் விசாரிக்கவில்லை, ஸீனாவின் ரயில் கிளம்பப் போகிறது.

என் பொய் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம் கேட்கவில்லை. சமையலறையில் தட்டு உடைந்ததும் உனக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு எழுதுகிறாய், அவளைக் கேட்கவில்லை.

வேலைக் கடிதம் வந்துவிட்டது அக்கா. அதை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அந்தக் கடிதத்தை உனக்கு எழுதினேன். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை அவள் வாயைத் திறக்கும்போது நீ எழுந்து போகாமல் இரு. அவ்வளவுதான்.

தம்பி


அஸ்தானா
26 ஆகஸ்ட் 2003

தம்பி டோலெகெனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவளுக்கு முதலில் சாப்பாடு போடச் சொல். நான்கு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் பண்ணையில் திங்கட்கிழமை சேர வேண்டுமாம், அதுவரைக்கும் தூங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் ஆய்வுப் பயணம் கிளம்பிப் போனதும் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிப்போயிற்று, நான் எழுந்திருக்கவில்லை. அவள் எல்லாம் சொன்னாள். "உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். நான் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

"நீயும் வாம்மா" என்றாள். அதெப்படி? சம்பந்தி வீட்டில் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். கம்மலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் சாமான் கட்ட ஆள் வேண்டும். என் வயதில், இந்த ஊரில், நான் எந்த ரயிலில் ஏறி எங்கே போவது?

அத்தான் வியாழக்கிழமை மாலை வருகிறார். நீ இதைப் படிக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "பொண்ணு எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். முப்பத்தொரு வருஷமாக அவர் எதைக் கேட்டாலும் நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்வேன்.

அக்கா குல்யாஷ்